வலப்பக்கம் ஏன் போனது?

ஆகஸ்ட் 5, திங்கள்

இடப்பக்கம் மண்ணில் இறங்கிய கார் எப்படி வலப்பக்கம் போய் மோதும்? யார் காதில் பூச்சுற்றுகிறார் மாப்பிள்ளை?

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன், பின்னால் உதவும். நேற்று ஞாயிற்றுக்கிழமை. மகள் ஆவுடைச்செல்வியும் மாப்பிள்ளை பால்வண்ணனும் என்னைப் பார்க்க சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டிக்கு காரில் வந்துகொண்டிருந்தார்கள். மதியம் மூன்றரை மணி. கழுகுமலை தாண்டியதும் ஒரு வாய்க்கால் பாலம் வரும். அதன் வலப்பக்கத்துச் சுவரில் கார் மோதிவிட்டது. ஓட்டிய மாப்பிள்ளைக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். என் மகளுக்கு வலது கை எலும்பு முறிந்துவிட்டது. ஐந்து வாரம் கட்டு.

மாப்பிள்ளை சொல்வது: எதிரே லாரி வந்தது, வழி விடுவதற்காக இடப்பக்கம் இறக்கினார், இரண்டு இடது சக்கரங்களும் மண்ணில் இருந்தன, பிரேக்கை மிதித்தார். உடனே ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு கார் வலப்பக்கம் பாய்ந்ததாம். அதற்குள் லாரி கடந்து போயிருந்தது, கடவுள் புண்ணியம். ஆவுடை தூங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். சாட்சி சொல்ல வேறு ஆளில்லை.

முப்பத்தோரு வருடம் அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். கை காட்டி பஸ்ஸை நிறுத்தி ஏறினால், டிக்கெட் எடுக்காதவன் யார் என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். எடுத்தவன் என்னைப் பார்ப்பான். எடுக்காதவன் ஜன்னலைப் பார்ப்பான். நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளை என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆவுடைக்குத் தலை பின்னிவிட்டேன். கூந்தலை மூன்றாகப் பிரிப்பது வரை சரியாக வந்தது, அதற்குப் பிறகு எது எதன் மேல் போகிறது என்று பிடிபடவில்லை. “கயிறு திரிக்கியளாப்பா?” என்று சிரித்தாள். அவள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் என்னிடமிருந்து சீப்பைப் பிடுங்கியிருப்பாள்.

மாவு தீர்ந்துவிட்டது. நாளைக்கு அரைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

சம்பவ இடத்துக்குப் போனேன். டேப் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். இடது டயர்கள் மண்ணில் ஓடிய தடம் பதினோரு அடி இருந்தது. அதற்குச் சரி நேராகத் தாரில் வலது டயர் தேய்ந்த கறுப்புக் கோடு. பிறகு எல்லாத் தடமும் ஒரேயடியாக வலப்பக்கம் வளைந்து பாலத்துச் சுவருக்குப் போகிறது.

ஆக, மண்ணில் இறங்கியது உண்மை. பிரேக் பிடித்ததும் உண்மை. ஆனால் பொய் சொல்கிறவன் முக்கால் பங்கு உண்மையோடு சேர்த்துத்தான் சொல்வான். மண் இழுத்தால் மண் பக்கம்தானே இழுக்க வேண்டும்? நிதானத்தில் இருப்பவன் கை இப்படித் திரும்பாது.

அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து வந்து பார்த்த ஏட்டை டீக்கடையில் பிடித்தேன். தங்கமான மனிதர். பேச்சு இப்படி நடந்தது.

“ஏட்டய்யா, மாப்பிள்ளை மேல வாடை ஏதும் அடிச்சுதா?”

“அப்படி ஒண்ணும் தெரியலய்யா.”

“கிட்டப் போய்ப் பாத்தியளா?”

“எங்க? ஒரே கூட்டம். அவரு பொண்டாட்டிய தூக்கிக்கிட்டு ஆட்டோவுக்கு ஓடினாரு.”

“அப்ப அடிச்சிருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

“அடிச்சிருந்தா... ஆமா, தெரிஞ்சிருக்காதுதான்.”

வாடை அடித்திருக்கக்கூடும் என்பதை ஏட்டு மறுக்கவில்லை. குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஏட்டு சொன்னதை ஆவுடையிடம் சொன்னேன். முழுப் பேச்சையும் ஒப்பிக்க வேண்டியதில்லை என்பதால் சுருக்கிச் சொன்னேன்.

இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். “ஏட்டே சொன்னாரா? வாடை அடிச்சுதுன்னு?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை.

அவள் தாய்மாமன் குடித்துவிட்டு வண்டி ஓட்டித்தான் செத்தான். அவன் பிள்ளைகள் அல்லாடியதைப் பார்த்து வளர்ந்தவள் இவள். பெண் பார்க்க வந்த அன்று தனியாகப் பேசச் சொன்னபோது, மாப்பிள்ளையிடம் இவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: குடிக்க மாட்டீர்களே? அவர் கையடித்துச் சத்தியம் செய்தார்.

பாவம், என் பிள்ளை. ஆனால் கண் திறப்பது நல்லதுதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வந்தான். மாப்பிள்ளை கையில் ஒரு பை நிறைய மாதுளம்பழம். ஆவுடை உள்ளறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அவளைப் போகச் சொல்லவில்லை, அவளாகத்தான் போனாள்.

கூடத்தில் உட்கார வைத்து முறைப்படி வாக்குமூலம் எடுத்தேன். டிப்போவில் எப்படி எடுப்பேனோ அதே மாதிரி கேள்வியையும் பதிலையும் எழுதி, கீழே கையெழுத்தும் வாங்கினேன். முக்கியமானவற்றை இங்கே எழுதுகிறேன்.

கேள்வி 4: புறப்படும் முன் என்ன சாப்பிட்டீர்கள்?
பதில்: “சோறு, ரசம், அவ வெச்ச பாகற்காய்.”

கேள்வி 5: குடித்தீர்களா?
பதில்: “மாமா, அவ மேல சத்தியமா இல்ல.”

கேள்வி 7: போனில் பேசினீர்களா?
பதில்: “இல்ல. போன் அவ மடியில கெடந்துச்சு.”

கேள்வி 9: அப்படியென்றால் கார் ஏன் வலப்பக்கம் போனது?

என்னைப் பார்த்தான். சாத்தியிருந்த கதவைப் பார்த்தான். கடைசியில், “தெரியல மாமா. பிடுங்கிட்டுப் போயிட்டு” என்றான்.

எட்டு விசைத்தறி வைத்து ஓட்டுகிறவன், ஒரு நூல் அறுந்தாலும் எந்தப் பல்சக்கரத்தில் கோளாறு என்று சொல்கிறவன், தன் கார் ஏன் திரும்பியது என்று தெரியாதாம். நிச்சயம் எதையோ மறைக்கிறான்.

மாதுளம்பழத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையிலிருந்து என் போனுக்கு நாலு தடவை கூப்பிட்டுவிட்டான். எடுக்கவில்லை. ஆவுடையின் போன் விபத்தில் நொறுங்கிவிட்டது. புதிது வாங்க வேண்டும். அவசரமில்லை.

ஆகஸ்ட் 17, சனி

கார் இங்கே வொர்க்‌ஷாப்பில் நிற்கிறது. வலப்பக்க பம்பர், விளக்கு, சக்கரத்தைத் தாங்கும் கை எல்லாம் மாற்றியாகிவிட்டது. வலது முன்சக்கரத்து அலாய் வீலில் விரிசல். நாலையும் கழற்றிவிட்டுக் கம்பெனி வீலே போட்டுவிடலாம் என்றார் வொர்க்‌ஷாப்காரர். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லி, மதுரையிலிருந்து அதே மாதிரி ஒன்று வரவழைத்தேன்.

வீலைப் பற்றி நாலு வரி. கல்யாணத்துக்கு நான் கொடுத்த கார் அது. மண்டப வாசலில் நிறுத்தியிருந்தபோது சம்பந்தி வீட்டில் யாரோ, “சின்ன வண்டிதான் போல” என்றது என் காதில் விழுந்தது. மறுவாரமே மதுரைக்குப் போய் நாலு அலாய் வீல் வாங்கினேன். அகலமான டயர். மாட்டியதும் வண்டி தோளை விரித்துக்கொண்டு நின்றது. பிறகு யாரும் சின்ன வண்டி என்று சொல்லவில்லை.

கழற்றிய பழைய வீல்கள் என்ன ஆயின என்பது இந்த விசாரணைக்குத் தேவையில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

இன்று தீர்ந்தது சந்தேகம்! வண்டி நிரபராதி.

எட்டயபுரம் ரோட்டில் மிக்கேல் என்பவர் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறார். அங்கே கொண்டுபோனேன். காரை மேடையில் ஏற்றி, நாலு சக்கரத்திலும் தட்டு மாட்டி, கம்ப்யூட்டரில் பார்த்தார். நான் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்டேன். சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா வெளியேயா என்பது கேம்பர். முன்சக்கரம் இரண்டும் முன்னால் கூடி நிற்கின்றனவா விரிந்து நிற்கின்றனவா என்பது டோ. ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அது பின்பக்கம் எவ்வளவு சரிந்திருக்கிறது என்பது காஸ்டர்; திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது அதனால்தான். பிசகியிருந்தால் திரையில் சிவப்பு வரும். கொஞ்சம் திருகிச் சரி செய்ததும் எல்லாம் பச்சை. காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார். பையில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

புறப்படும்போது மிக்கேல் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

“பேப்பர் பச்சதான்யா. ஆனா இந்த வீலு இந்த வண்டிக்கு ஆகாது. ரொம்ப வெளிய தள்ளி நிக்கிது.”

“மிஷின் சொல்லுதா?”

“மிஷினு அத அளக்காதுங்கய்யா.”

மிஷின் அளக்காததை இவர் எப்படி அளந்தார்? எனக்குச் சுருக்கென்றது. “எங்க மாப்பிள்ளை உங்ககிட்ட வந்தாரா?” என்று கேட்டேன்.

“போன வருசம் ஒருக்கா வந்தாக. இந்த வீல கழட்டிட்டு பழச மாட்டித் தாங்கன்னு கேட்டாக. பழசு எங்கன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டாக.”

அப்படியா சங்கதி! இவர் வாயில் வார்த்தையைப் போட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஒரு விஷயம் உறுத்துகிறது. மிக்கேலிடம் அவன் போனது போன வருடம். விபத்து நடந்தது இந்த மாதம். நடக்காத விபத்துக்கு யாராவது ஒரு வருடம் முன்பே சாட்சி தயார் செய்வானா?

செய்வான். செய்யும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

போன தீபாவளிக்கு வந்தபோது வீலைப் பற்றி ஏதோ பேச்சு வந்தது உண்மைதான். ஸ்டியரிங் கனமாக இருக்கிறது, பள்ளத்தில் இறங்கினால் வெட்டுகிறது, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது, கழற்றிவிடலாமா மாமா என்றான். நான் ஆசையாகச் செய்ததைக் கழற்றிப் போடு என்று என் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னான். நானும் ரெண்டு வார்த்தை பேசினேன். கொஞ்ச நாள் அவர்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஆவுடைதான் நடுவில் நின்று, வீல் இருக்கட்டும் என்று முடித்து வைத்தாள். இதற்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை. பேப்பர் பச்சை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

விளாத்திகுளத்தில் இருக்கும் வக்கீல் ஆறுமுகநயினாரிடம் போனில் பேசினேன். அந்தக் காலத்தில் எங்கள் யூனியன் கேஸ்களைப் பார்த்தவர். ஏட்டு, தடம், கேள்வி 9, பச்சைப் பேப்பர் எல்லாவற்றையும் சொன்னேன். “பொண்ணு கையெழுத்துப் போட்டா நோட்டீஸ் அனுப்பிரலாம். கை சரியானதும் கூட்டிட்டு வாங்க” என்றார். பிரிந்திருப்பதற்கான நோட்டீஸ்.

ஆவுடையிடம் சொன்னேன். “சரிப்பா” என்றாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பின்னல் கைவந்துவிட்டது. இன்று பின்னிக்கொண்டிருந்தபோது எனக்கு முதுகைக் காட்டியபடி கேட்டாள்:

“அந்த ஏட்டு அவுக கிட்ட நின்னு பாத்துத்தான் சொன்னாராப்பா?”

“ஸ்டேஷன்காரர் கிட்டப் போகாம எப்படிச் சொல்லுவாரு?” என்றேன்.

இது பொய்யல்ல. நான் கேள்விதான் கேட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

மழை. மாவு புளித்துவிட்டது. அவன் இன்று கூப்பிடவில்லை. அவன் கூப்பிடாத முதல் நாள் இதுதான்.

செப்டம்பர் 9, திங்கள்

கட்டைப் பிரித்தார்கள். கை குச்சியாக இருக்கிறது, மணிக்கட்டுக்கு மேலே லேசான வளைவு. போகப் போகச் சரியாகும் என்கிறார் டாக்டர். பேனா பிடித்து எழுதிப் பார்க்கச் சொன்னேன். தன் பெயரை எழுதினாள். கோணலாக வந்தாலும் கையெழுத்துக்குப் போதும்.

புதன்கிழமை விளாத்திகுளம்.

செப்டம்பர் 11, புதன்

இடது கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. எழுதியே தீர வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு நானும் ஆவுடையும் காரில் புறப்பட்டோம். நான்தான் ஓட்டினேன். நிதானமாக, ஐம்பதைத் தாண்டாமல். இரண்டு பக்கமும் கரிசல் காடு. ரோடு குறுகலாக இருந்தது. தாருக்கும் மண்ணுக்கும் ஒரு சாண் இறக்கம். ஸ்டியரிங் கொஞ்சம் கனம்தான், பழகாத வண்டி என்று நினைத்துக்கொண்டேன்.

எதிரே மினிபஸ் வந்தது. ஹாரனை அமுக்கிக்கொண்டு நடு ரோட்டில் வந்தான். நான் இடப்பக்கம் ஒதுங்கி இரண்டு சக்கரத்தையும் மண்ணில் இறக்கினேன். மினிபஸ் சர்ரென்று கடந்து போனது. முன்னால் ஒரு மைல்கல் தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன்.

ஸ்டியரிங் என் கையைப் பிடுங்கியது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அது என் கட்டைவிரலைத் தட்டிவிட்டு வலப்பக்கம் சுழன்றது. கார் தாரில் ஏறி, ரோட்டைக் குறுக்கே கடந்து, அந்தப் பக்கம் இருந்த உடைமர முள்புதருக்குள் போய் நின்றது. சுவர் இல்லை, மரம் இல்லை, எதிரே வேறு வண்டியும் இல்லை. இருந்திருந்தால் இந்த நோட்டில் இன்றைய பக்கம் வெள்ளையாகத்தான் இருந்திருக்கும்.

இன்ஜின் அணைந்துவிட்டது. ஆவுடை குணமான கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை அவள் தூங்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

“அப்பா, நீங்க குடிச்சிருக்கியளா?” என்று கேட்டாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“போன்ல யாருகிட்டயும் பேசிட்டு வந்தியளா?”

என் போன் அவள் மடியில் இருந்தது.

“பொறவு எதுக்குப்பா வலப்பக்கம் போச்சு?”

அதே கேள்விதான். ஒன்பதாம் நம்பர்.

அதே நாள், மாலை

விளாத்திகுளம் போகவில்லை. டிராக்டர்காரர் ஒருவர் காரை இழுத்து ரோட்டில் விட்டார். ஊர்ந்து ஊர்ந்து நேரே மிக்கேல் கடைக்குப் போனோம். ஆவுடையும் இறங்கி என் பக்கத்தில் நின்றாள்.

மிக்கேல் எதுவும் குத்திக் காட்டவில்லை. என் காரின் வீல் ஒன்றைக் கழற்றினார். அதே மாடல் காரின் கம்பெனி வீல் ஒன்று கடையில் கிடந்தது. இரண்டையும் குப்புறப் படுக்க வைத்து, குறுக்கே ஒரு குச்சியை வைத்து, போல்ட் மாட்டும் இடம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று ஸ்கேலில் அளந்தார். என்னையும் அளக்கச் சொன்னார். வித்தியாசம் மூன்றரை சென்டிமீட்டர். அந்த அளவுக்கு ஒவ்வொரு சக்கரமும் வெளியே தள்ளி நின்றிருக்கிறது.

“மூணரை சென்டிமீட்டர்ல என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

அவர் கடைக் கதவைப் பாதி திறந்து வைத்தார். “அய்யா, கீலு கிட்ட விரல வெச்சு இழுங்க.” இழுத்தேன். கதவு அசையவில்லை. “இப்ப ஓரத்துல இழுங்க.” ஒரு விரலுக்கு வந்துவிட்டது.

“சக்கரம் திரும்புற அச்சு இருக்குல்லா, அதான் கீலு. கம்பெனிக்காரன் டயரோட நடுவ அந்த கீலுக்குக் கிட்டக்க வெச்சிருப்பான். பிரேக் புடிச்சா ரோடு டயரப் பின்னால இழுக்கும், ஆனா ஸ்டியரிங்க முறுக்காது. நீங்க சக்கரத்த வெளிய தள்ளிட்டிய. இப்ப ரோடு கதவு ஓரத்தப் புடிச்சு இழுக்குது. ரெண்டு சக்கரமும் தார்ல இருந்தா ரெண்டும் எதிரெதிரா முறுக்கி ஒண்ணையொண்ணு அடக்கிரும், உங்களுக்குத் தெரியாது. இடது சக்கரம் மண்ணுல இருந்தா அதுக்குப் புடிமானம் இல்ல. தார்ல இருக்க வலது சக்கரம் மட்டும் இழுக்கும். அப்ப ஸ்டியரிங் வலது பக்கம்தான் ஓடும். எந்தக் கொம்பன் ஓட்டினாலும் ஓடும்யா.”

“பேப்பர் பச்சையா இருந்ததே?”

“அந்தப் பேப்பரு சக்கரம் சாஞ்சு நிக்கிதா, கோணி நிக்கிதான்னுதான் சொல்லும். எவ்வளவு தள்ளி நிக்கிதுன்னு சொல்லாது. நான் அன்னிக்கே சொன்னேன்லா?”

சொன்னார். மாப்பிள்ளையும் சொன்னார், தீபாவளிக்கு. நான்தான் மறுநாளே பழைய வீல் நாலையும் காயலான் கடை வண்டியில் ஏற்றிவிட்டேன், திரும்ப மாட்ட முடியாதபடிக்கு. இதை இதுவரை எங்கேயும் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. இன்று மிக்கேல் கடையில் ஆவுடையின் முன்னால் சொன்னேன்.

செப்டம்பர் 12, வியாழன்

காலையில் தலை பின்ன உட்காரவில்லை. தானே ஒரு கையால் கொண்டை போட்டுக்கொண்டாள். காபி கொண்டுபோனேன். டம்ளரை வாங்காமல் கேட்டாள்:

“அந்த ஏட்டு நெசமா என்ன சொன்னாருப்பா? அவர் சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க.”

இந்த நோட்டை எடுத்து ஆகஸ்ட் எட்டாம் தேதிப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். அடுத்த பக்கத்தையும் படித்தாள். பொண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார் என்ற வரியில் விரலை வைத்தாள்.

“இத ஏம்ப்பா சுருக்குனிய?”

பதிலை இங்கே எழுதுகிறேன். என் பெண்ணின் கையை உடைத்தது நான் ஆசையாக வாங்கிய பொருள் என்று ஒத்துக்கொள்வதைவிட, இன்னொருத்தர் குடித்தார் என்று நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. அதுதான் காரணம். கேள்வி 9-க்கு, சாத்தியிருந்த கதவை அவர் பார்த்தபோதே உள்ளுக்குள் ஏதோ எனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே வக்கீல் வரை போனேன்.

போனை நீட்டினேன், அவரைக் கூப்பிடு என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“வீல் இருக்கட்டும், அப்பா மனசு நோகும்னு அவுக வாய அடைச்சது நான். குடிச்சிருக்காகன்னு நீங்க சொன்னவொடன நம்புனதும் நான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேச? நீங்க மொதல்ல போங்கப்பா. போய் அவுக எதிர்ல நின்னு சொல்லுங்க. இதுல எழுதியிருக்கத ஒண்ணு விடாம.”

செப்டம்பர் 13, வெள்ளி

காலை பஸ்ஸில் சங்கரன்கோவில். நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன்.

தறிக்கூடம் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார். ஏதோ கெட்ட சேதி என்று நினைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தறியாக நிறுத்திக்கொண்டே வந்தார். எட்டாவது தறியும் நின்றதும் நான் சொல்ல ஆரம்பித்தேன்.

நின்றுகொண்டேதான் சொன்னேன். ஏட்டிடம் எப்படிக் கேட்டேன், ஆவுடையிடம் எப்படிச் சொன்னேன், அவர் போனை எடுக்காமல் விட்டது, வக்கீல், உடைமரப் புதர், மூன்றரை சென்டிமீட்டர், காயலான் கடை எல்லாம். இடையில் அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. “தப்பு பூராவும் என்னுது மாப்பிள்ளை” என்றேன். வாழ்க்கையில் யாரிடமும் நான் சொல்லாத வார்த்தை. பல்லெல்லாம் கூசியது.

“வீலுதான் காரணம்னு தெரியும் மாமா” என்றார்.

“தெரிஞ்சும் வாக்குமூலத்துல ஏன் சொல்லல?”

“ஒரு தடவ சொன்னேன்லா, தீபாவளிக்கு. மூணு மாசம் நீங்க இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. அவ தெனம் அழுதா. இப்ப கை ஒடிஞ்சு கெடக்கா, கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டு இருக்கா. உங்க அப்பா வாங்கித் தந்த வீலுதான் உன் கைய ஒடிச்சுதுன்னு அவ காதுபட எப்படி மாமா சொல்ல? கோவம் தணிஞ்சா நீங்களே கூப்பிடுவியன்னு நெனச்சேன்.”

திட்டியிருக்கலாம். நோட்டைப் பிடுங்கிக் கிழித்திருக்கலாம். இரண்டுக்கும் நான் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் நோட்டைக் கையில்கூட வாங்கவில்லை. கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிட்டத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்:

“கட்டுப் பிரிச்சாச்சா மாமா? கை நேரா சேந்திருக்கா? நாப்பது நாளா யாரும் எனக்குச் சொல்லல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. தறிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன்.

என் போனை ஆவுடையிடம் விட்டு வந்திருந்தேன்; அவர் போனை வாங்கி, என் நம்பரை அழுத்தி, அவர் கையில் கொடுத்தேன். அந்தப் பக்கம் எடுக்கும் சத்தம் கேட்டது. “ஆவுடை” என்றார். போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, ஓடாத தறிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

நான் வெளியே வந்து தெருவில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்க்கவில்லை.